ஜனவரி முதல் செப்டம்பர் வரை

ஒரு நவம்பர் காலையில் என் தம்பி தன் கைப்பேசியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். மூன்று நாளாக மழை. அவன் குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்பளம், மரக்காணத்தின் மற்ற உப்பளங்களைப் போலவே, வரப்பு தெரியாமல் முழுகிக் கிடந்தது. கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி: நாளை மழைக்கு வாய்ப்பு, வாரிக் குவித்த உப்பை மூடி வையுங்கள். முந்தைய நாளும் அதே செய்தி வந்திருந்தது. அதற்கு முந்தைய நாளும்.

"எங்க இருக்குது உப்பு, மூடறதுக்கு?" என்றான். "முழங்கால் தண்ணி நிக்குது. மீனு வேணா புடிச்சி மூடி வெக்கலாம்."

செய்தியை அனுப்பியது ஒரு மென்பொருள். வானிலை முன்னறிவிப்பை எடுத்து, விவசாயி, மீனவர், உப்பளத்தார் என்று பிரித்து, அவரவருக்கு வேண்டியதை மட்டும் அனுப்பும். தம்பியோடு படித்த ஒருவர் ஆரோவிலில் கணினி வேலை பார்க்கிறார். அவர்தான் அதைத் தன் கணினியில் நிறுவி, உப்பளக்காரர்களின் எண்களைச் சேர்த்துவிட்டிருந்தார். கோடை முழுவதும் ஒழுங்காக வந்த செய்தி, மழைக்காலம் பிறந்ததும் ஓயாமல் வரத் தொடங்கியது. ஒவ்வொருவராக அந்த எண்ணைத் தடுத்துவைத்தார்கள். தம்பியும் அப்படியே செய்தான்.

ஜனவரியில் உப்பளத்தில் வேலை தொடங்கியபோது அதைத் திரும்பத் திறந்துவிட யாருக்கும் நினைவில்லை. பிப்ரவரி கடைசியில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. முந்தைய நாள் எச்சரிக்கை போயிருக்கிறது. பார்க்கத்தான் ஆளில்லை. வரப்போரம் தம்பி குவித்து வைத்திருந்த முதல் உப்பு கரைந்து வாய்க்காலில் போயிற்று. இரண்டு வாரத்து வேலை அது. ஓலை போட்டு மூடுவது ஒரு மணி நேர வேலைதான்.

அந்த மென்பொருளின் நிரல் பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று ஆரோவில்காரர் சொன்னார். தனக்கு நேரமில்லை, நீங்களே செய்யலாமே அக்கா என்றார். நான் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளிதழின் புதுச்சேரிப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தவள். பழைய எழுத்துருவில் கிடந்த செய்திகளை யூனிகோடுக்கு மாற்ற ஆள் இல்லாமல், நானே புத்தகம் வைத்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். பதிப்பை மூடிய பிறகு, வீட்டிலிருந்தபடி செயலிகளின் தமிழைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த கணினி அவ்வளவுதான்.

முதலில் பங்களிப்போருக்கான பக்கத்தைப் படித்தேன். மாற்றத்தை எழுதுவதற்கு முன் பிரச்சினையைப் பதிவு செய்யுங்கள், வேறு யாராவது அதையே செய்துகொண்டிருக்கக்கூடும் என்றிருந்தது. பதிவு செய்தேன். ஆங்கிலத்தில் ஆறு வரி. அதை எழுத ஒரு காலைப்பொழுது ஆயிற்று. செய்தித்தாளில் என் பெயர் அச்சானதே இல்லை. செய்தி "நமது நிருபர்" என்று போகும். திருத்தியவர் யார் என்று அச்சகத்துக்குக்கூடத் தெரியாது. இங்கே என் பெயர் மேலே நின்றது, பக்கத்தில் தேதி, நேரம். ஒவ்வொரு வரியையும் எழுதியது யார் என்று காட்டுவதற்கே ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். அதன் ஆங்கிலப் பெயருக்குப் பழி என்று பொருள். அதைத் தெரிந்துகொண்ட அன்று கணினியை மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. திட்டத்தைப் பராமரிக்கும் பெண்மணி ஒருவர், வெளிநாட்டில் இருப்பவர். நல்ல யோசனை, எழுதி அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அடுத்த வேலை, நிரல் முழுவதையும் என் பெயரில் ஒரு நகல் எடுத்து, அதை என் கணினிக்கு இறக்குவது. எதையும் தொடுவதற்கு முன்னால், நிரல் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கம் சொன்னது. ஓட்டினேன். பதினொன்று தோற்றுச் சிவப்பாக வந்தன. நான் ஒன்றையும் தொடவில்லை, ஆனாலும் உடைத்துவிட்டேன் என்றே தோன்றியது. இரண்டு நாள் தேடியதில் என் கணினியின் நேர மண்டலம் தப்பாக இருந்தது தெரிந்தது. சரி செய்ததும் எல்லாம் பச்சை. அதன் பிறகு மூலத்தைத் தொடாமல் எழுதுவதற்கு நகலில் தனிக் கிளை ஒன்று பிரித்து, அதில் நான்கு வரி எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: குழு உப்பளத்தார் என்றால், இன்றைய மாதத்தைப் பார். ஜனவரி முதல் செப்டம்பர் வரை என்றால் அனுப்பு. இல்லையென்றால் அனுப்பாதே.

அந்தத் திருத்தத்தைத் திட்டத்தோடு இணைத்துக்கொள்ளும்படி கேட்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. புல் ரிக்வெஸ்ட் என்கிறார்கள். அதன்மேல் சுட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் உள்ளங்கை ஈரமாக இருந்ததைக் கவனித்தேன். தேர்தல் முடிவு நாளில் தலைப்பை அச்சுக்கு அனுப்பும்போதுகூட அப்படி இருந்ததில்லை. அழுத்திவிட்டேன்.

அந்தப் பெண்மணி வரிவரியாகப் பார்த்தார். நிரலில் மாதத்தை வைத்திருக்கும் மாறியின் பெயரை மாற்றச் சொன்னார். ஒரு சோதனை சேர்க்கச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி: உப்புப் பருவம் எல்லா இடத்திலும் இந்த மாதங்கள்தானா? எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. செய்தி ஆசிரியர் கேட்கும் கேள்வி. ஒருவர் சொன்னால் வதந்தி, மூன்று பேர் சொன்னால் செய்தி என்பது எங்கள் மேசையின் கணக்கு. அது ஆகஸ்ட் மாதம், உப்பளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன் போனேன். தம்பியைக் கேட்டேன். பக்கத்துப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தவரைக் கேட்டேன். முப்பது வருஷமாக உப்பு வாரும் ஒரு அம்மாவைக் கேட்டேன். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தை பொறந்தா அளம், ஐப்பசி வந்தா வூடு என்றார் அந்த அம்மா. இதையெல்லாமா கேட்பாங்க என்று சிரித்தார்.

உப்பளத்தின் பக்கத்திலேயே வசிக்கிறேன், மூன்று பேரிடம் தனித்தனியாக உறுதி செய்திருக்கிறேன் என்று பதில் எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெண்மணி நன்றி சொல்லி, ஒப்புதல் கொடுத்து, இணைத்துவிட்டார். செப்டம்பர் கடைசியில் வெளிவந்த புதிய பதிப்பில், பங்களித்தோர் பட்டியலின் கடைசியில் என் பெயர் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் தம்பியின் கைப்பேசிக்கு ஒரு செய்திகூட வரவில்லை. ஆரோவில்காரர் புதிய பதிப்பை நிறுவி, தடுத்து வைத்திருந்த எண்ணை எல்லோரிடமும் சொல்லி முன்பே திறக்கச் செய்திருந்தார். வேலை முடிந்தது என்றிருந்தேன்.

டிசம்பர் கடைசி வாரம். காலையில் டீயோடு உட்கார்ந்து திட்டத்தின் பக்கத்தைத் திறந்தேன். புதிதாக ஒரு பிரச்சினை பதிவாகியிருந்தது. எழுதியவர் குஜராத் கடற்கரையில் ஒரு பள்ளி ஆசிரியர். தன் ஊர் உப்பளக் குடும்பங்களுக்காகப் பள்ளியின் பழைய கணினியில் இந்த மென்பொருளை ஓட்டுகிறார். மாவட்டத்தின் பெயரையும் சொல்லியிருந்தார். புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து உப்பளத்தாருக்கு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, மழையே இல்லாததால் வரவில்லையா, வேறு காரணமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். எங்கள் பருவம் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்த்திருந்தார்.

அந்த வரியை நான்கு முறை படித்தேன். நவம்பர்.

மூன்று பேரிடம் கேட்டிருந்தேன். மூவரும் நின்றது ஒரே வரப்பில்.

அவருடைய மாவட்டத்தின் முன்னறிவிப்பைத் திறந்தேன். நாளை மாலை தொடங்கி மறுநாள் வரை மழை. அந்தக் கடற்கரைக்கு டிசம்பரில் மழை அபூர்வம். அதனால்தான் எதிர்பார்க்க மாட்டார்கள், அதனால்தான் செய்தி தேவை. அந்தச் செய்தி என்னுடைய நான்கு வரியைத் தாண்டிப் போகாது.

உடனே தட்டச்சு செய்யத் தொடங்கினேன், மூன்று சொல்லுக்கு ஒரு பிழை விழுந்தது. அவர் பதிவுக்குக் கீழே பதில் எழுதினேன்: தவறு என்னுடையது. உங்கள் பகுதியில் நாளை மாலை மழை. திருத்தம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே உப்பை மூடச் சொல்லுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் குழுவின் வகையை உப்பளத்தார் என்பதிலிருந்து விவசாயி என்று மாற்றினால் செய்தி வரத் தொடங்கும்.

அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இல்லை. மின்னஞ்சல் தெரியாது. ஊரின் பெயர்கூடத் தெரியாது. எனக்கும் அவருக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு பக்கம் மட்டும். அவர் அதைத் திறந்தால் பார்ப்பார்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்தேன். பதில் இல்லை. பராமரிக்கும் பெண்மணிக்கு எழுதினேன். ஆண்டு இறுதி விடுமுறை, ஒரு வாரம் இருக்க மாட்டேன் என்று தானாக ஒரு பதில் வந்தது. நான் எழுதிய வரியை எடுக்கும் உரிமை எனக்கில்லை. அனுப்பியதும் அது திட்டத்தின் வரியாகிவிடுகிறது. பழி மட்டும் என் பெயரில் இருக்கும்.

உட்கார முடியாமல் உப்பளத்துக்குப் போனேன். மழைத் தண்ணீரை வடித்துவிட்டு, தம்பியும் இன்னும் நான்கு பேரும் வரிசையாக நின்று பாத்தியை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பியை வரப்புக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. மார்கழியில் உப்பு வாருகிற ஊர் உண்டு என்பதையே அவன் நம்பவில்லை. பிறகு விளங்கியது.

"எத்தினி பேரு இத போட்டு வெச்சிருக்காங்க?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.

"தெரியாதா?"

"தெரியாதுடா. யார் வேணா எடுத்துக்கலாம். யாரும் சொல்லிட்டு எடுக்க மாட்டாங்க."

அதைச் சொன்ன பிறகுதான் அதன் அளவு எனக்கே புரிந்தது. எங்கள் பதிப்பு தினமும் எத்தனை பிரதி அச்சாகிறது, எந்த பஸ்ஸில் எத்தனை கட்டு போகிறது என்று எனக்குத் தெரியும். தப்பு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். இங்கே ஒரு ஆசிரியர் எழுதிக் கேட்டதால் ஒரு ஊர் தெரிந்தது. எழுதத் தெரியாத ஊர், எழுதலாம் என்றே தெரியாத ஊர் எத்தனை?

தம்பி காலிலிருந்த சேற்றை வரப்பில் தேய்த்தான். "பேப்பர்ல தப்பு வந்தா மறுநாளு ஒரு மூலையில வருந்துகிறோம்னு போடுவ. இதுல எந்த மூலைக்கா?"

கிண்டலாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது அவன் முகத்தில் கிண்டல் இல்லை. பிப்ரவரியில் வாய்க்காலில் போன உப்பு அவனுடையது. போய் அத சரி பண்ணு, இங்க நின்னு இன்னா பண்ணப் போற என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினான்.

வீட்டுக்கு வந்து திருத்தத்தை எழுதினேன். என் நகலில் அந்த நான்கு வரியையும் எடுத்தேன். மாதங்களை இனி நிரலில் எழுதுவதில்லை. அந்தந்தக் குழு தன் அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளட்டும். எழுதாவிட்டால் ஆண்டு முழுவதும் செய்தி போகும். தேவையில்லாமல் வரும் செய்தி எரிச்சலோடு போய்விடும் என்று நினைத்தேன், உடனே பிப்ரவரி நினைவுக்கு வந்தது. எரிச்சலும் உப்பைக் கரைத்திருக்கிறது. ஆனாலும் வந்த செய்தியைத் திறந்து பார்க்க ஒருவருக்காவது வழியிருக்கிறது, வராத செய்தியைப் பார்க்க வழியில்லை. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். சரியா என்று இன்றும் உறுதியில்லை.

மதியம் திட்டத்தின் பக்கத்தில் இன்னொரு பராமரிப்பாளர் பதில் எழுதினார். அதுவரை நான் பேசியிராத ஒருவர். திருத்தத்தை உடனே இணைப்பார் என்று எதிர்பார்த்தேன். முதலில் தப்பைக் காட்டும் சோதனையை எழுதுங்கள், அது சிவப்பாவதைப் பார்த்த பிறகு திருத்தத்தைச் சேருங்கள் என்றார். அங்கே மழை வரப்போகிறது என்று எழுதினேன். தெரியும், அவசரத்தில் இணைத்தால் இரண்டாவது தப்பும் இதே வழியில் போகும் என்று பதில் வந்தது. கோபம் வந்தது. அவர் சொன்னது சரி. குஜராத், டிசம்பர், நாளை மழை என்று ஒரு சோதனை எழுதினேன். ஓட்டினேன். சிவப்பு. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் அந்தச் சிவப்பைப் பார்க்க முடியவில்லை. திருத்தத்தைச் சேர்த்தேன். பச்சை. அன்று மாலையே இணைத்து, புதிய பதிப்பை வெளியிட்டார்கள். வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியில் தப்பு என்ன, எந்தப் பதிப்பிலிருந்து, யாரைப் பாதிக்கும் என்று எழுதும்படி என்னிடமே கேட்டார்கள். எழுதினேன். மூலையில் இல்லை, முதல் வரியில்.

ஆசிரியர் பதில் போடவில்லை. மறுநாளும் இல்லை. மாலையில் அவருடைய மாவட்டத்தின் மழைப் படத்தைத் திறந்து வைத்தேன். நீலம் கடலிலிருந்து கரைக்கு ஏறியது. மணிக்கொருமுறை அது நகர்வதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் வானம் சுத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அவர் எழுதியிருந்தார். பள்ளிக் கணினியை அவர் திறந்ததே மழை நாளின் மாலையில்தான். என் பதிலைப் பார்த்ததும் சைக்கிளில் வீடு வீடாகப் போயிருக்கிறார். பெரும்பாலோர் மூடிவிட்டார்கள். கடல் பக்கக் கடைசியில் இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் குவித்து வைத்திருந்த உப்பு போய்விட்டது. இதை இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடுத்த வாக்கியம் ஒரு கேள்வி: எங்கள் மாதங்களை எங்கே எழுத வேண்டும்?

நானே எழுதித் தருகிறேன் என்றேன். அந்த இரண்டாவது பராமரிப்பாளர் குறுக்கே வந்தார். பல ஊர்கள் எடுத்துக்கொள்ளத் திட்டத்தில் ஒரு மாதிரிக் கோப்பு வைக்கலாம், குஜராத்துக்கானதை ஆசிரியரே அனுப்பட்டும், அவர்தான் அங்கே இருக்கிறார் என்றார். அந்த இரண்டு குடும்பங்களுக்கு நான் செய்யக்கூடியது என்ன என்று அதே பக்கத்தில் ஆசிரியரிடம் தனியாக ஒரு பதில் எழுதிக் கேட்டேன். அதற்கு அவர் பதில் எழுதவேயில்லை.

பத்து நாள் கழித்து அவருடைய முதல் புல் ரிக்வெஸ்ட் வந்தது. ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. மாதங்களை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதியிருந்தார். சரிபார்ப்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். விலகிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். உப்பு விஷயத்தில் என் பெயருக்கு இனி என்ன மதிப்பு? ஆனால் எப்படித் தெரியும் என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் எது என்று அங்கே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

காற்புள்ளியைச் சொன்னேன். எண்ணாக மாற்றச் சொன்னேன். பிறகு கேட்டேன்: இந்த மாதங்களை யாரிடம் கேட்டீர்கள்? உங்கள் ஊரைத் தவிர, வேறு கடற்கரையில்?

ஐந்து நாள் பதில் இல்லை. மனம் புண்பட்டிருப்பார் என்று நினைத்தேன். எனக்கே அதைக் கேட்க என்ன தகுதி என்றும் நினைத்தேன். ஆறாம் நாள் வந்தது. மனைவியின் ஊருக்குப் பஸ்ஸில் போய்க் கேட்டு வந்திருக்கிறார். ஒரே மாவட்டம்தான், ஆனால் அங்கே கடல் தண்ணீர் ஏறாத உள்நிலம், கிணறு வெட்டி உப்பு எடுக்கிறார்கள். ஒரு மாதம் தள்ளித் தொடங்கி, ஒரு மாதம் தள்ளி முடிக்கிறார்கள். கோப்பை இரண்டாகப் பிரித்து, மாதிரி மட்டுமே, உங்கள் ஊரில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று தலையில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்.

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். சோதனைகள் பச்சை. ஒப்புதல் என்ற பொத்தானை அழுத்தினால், அவர் வரிகளுக்குப் பக்கத்தில் என் பெயரும் நிற்கும். அவர் கடற்கரையை நான் பார்த்ததில்லை, அங்கே தண்ணீர் எப்போது வடியும் என்று தெரியாது. உள்ளங்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டேன். அழுத்தினேன்.

உடனே எழுந்துவிடவில்லை. அவர் மாவட்டத்தின் முன்னறிவிப்பையும், அவர் பெயர் சொல்லியிருந்த மனைவியின் ஊர் முன்னறிவிப்பையும் அடுத்தடுத்த சாளரத்தில் திறந்தேன். இரண்டிலும் ஐந்து நாளைக்கு மழை இல்லை. ஆறாம் நாளைக்கு அதில் தகவல் இல்லை.